திருகாணிப் பள்ளத்தில் குங்குமம்

ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்து ஆணுக்கு லண்டனில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று கோயில் நிர்வாக சபை, மற்றது பழைய மாணவர் சங்கம். இரண்டிலும் வழக்கு நிச்சயம். நான் இரண்டிலும் கொஞ்சக் காலம் இருந்து பார்த்துவிட்டு, ஆபத்துக் குறைந்த பொழுதுபோக்காக இருக்கட்டும் என்று துவக்குச் சுடப் போனேன்.

லண்டனுக்கு வெளியே, கென்ற் பக்கம் ஒரு கழகம். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அகன்ற தொப்பியும் வேஸ்ட்கோட்டும் பூட்ஸும் போட்ட வயோதிபர்கள் அங்கே கூடி, லீவரைத் தள்ளி இழுத்துக் குண்டேற்றும் பழைய மாதிரித் துவக்குகளால் இரும்புத் தட்டுகளைச் சுடுவார்கள். ஒருவர் பின்னால் நின்று நேரம் எடுப்பார். இதற்குக் கவ்போய் சுடுதல் என்று பெயர். அமெரிக்காவில் இடுப்பில் இரண்டு கைத்துப்பாக்கியும் சொருகிக்கொண்டு நிற்பார்களாம். இங்கே அதற்குச் சட்டம் இடம் தராது. ஆகவே நாங்கள் வெறும் பெல்ட் கட்டிய முக்கால் கவ்போய்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு புனைபெயர் இருக்கவேண்டும் என்பது விதி. எனக்கு வைத்த பெயரை இங்கே எழுதப் போவதில்லை.

அந்தக் கழகம் எனக்கு ஏன் பிடித்தது என்று பலர் கேட்டிருக்கிறார்கள். எந்த ஊர், எந்தப் பள்ளிக்கூடம், யாருடைய மகன் என்று ஒருவரும் கேட்காத ஒரே இடம் அதுதான். தட்டு விழுந்ததா, விழவில்லையா என்பதோடு அவர்களுடைய விசாரணை முடிந்துவிடும்.

என் மனைவி இதை முதல் நாளிலிருந்தே நம்பவில்லை. ரூட்டிங் கடைத்தெருவில் மரக்கறி வாங்கப் போன இடத்தில், தெரிந்த ஒரு பெண்ணிடம், நான் பக்கத்தில் நிற்கும்போதே சொன்னாள்.

"துவக்குக்குப் பயந்து கடல் கடந்து ஓடி வந்த மனிசன், இஞ்ச காசு குடுத்துத் துவக்கு வாங்கியிருக்கிறார். கேட்டால் தொப்பியும் போடவேணுமாம்."

அவளைக் குறை சொல்ல முடியாது. அவள் பிறந்த வீட்டுக்குத் துவக்குகள் வந்த காலம் ஒன்று இருந்தது. வெவ்வேறு சீருடைகளோடு வந்தன. ஒருவரும் பத்திரம் காட்டவில்லை. அவளுடைய மூத்த அண்ணையை ஒரு விடியற்காலையில் கூட்டிக்கொண்டு போனார்கள். அவர் திரும்பி வந்தார். ஆனால் அதற்குப் பிறகு யார் கதவைத் தட்டினாலும் அவர் எழும்பிப் போய்த் திறப்பதில்லை.

என்னுடைய துவக்கு அனுமதிப் பத்திரத்தோடு வந்தது. நான் ஒரு கவுன்சிலில் உணவகங்களுக்கும் மதுக்கடைகளுக்கும் அனுமதி கொடுக்கும் பிரிவில் வேலை பார்த்தவன். ஒரு சமையலறைக்குள் காலெடுத்து வைத்ததும், எந்தக் கதவு இன்று காலை எனக்காகப் பூட்டப்பட்டது என்று சொல்லிவிடுவேன். அப்படிப்பட்டவனுக்குப் பொலிஸாரின் துவக்கு அனுமதி ஒரு விருந்து. கழகத்தில் தகுதிகாண் காலம், இரண்டு பேர் நற்சாட்சி, டாக்டரின் அறிக்கை, சுவரோடு போல்ட் அடித்த இரும்பு அலுமாரி. எல்லாவற்றிலும் முக்கியமான நிபந்தனை ஒன்று உண்டு: அந்த அலுமாரியின் திறப்பு, அதாவது சாவி, எங்கே இருக்கிறதென்று பத்திரக்காரனைத் தவிர வேறொருவருக்கும் தெரியக்கூடாது. கட்டிய மனைவிக்கும் தெரியக்கூடாது. இந்த நாட்டில் கணவன் மனைவிக்கிடையில் இரகசியத்தைச் சட்டமே கட்டாயமாக்கிய வேறு இடம் எனக்குத் தெரியாது.

துவக்கு இத்தாலியில் செய்தது. நூற்றைம்பது வருடத்துக்கு முந்திய ஒரு மாதிரியைப் பார்த்துச் செய்த நகல். பித்தளை உடம்பு, எண்கோணக் குழல், தோளில் பதிகிற வால்நட் மரப் பிடங்கு. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் ஆறடி மனிதனுக்காகச் செய்தது. தோளில் வைத்தால் என் கன்னம் இருக்கவேண்டிய இடத்தில் காது இருந்தது. லீவரை முழுதாகக் கீழே தள்ளுவதற்குள் பக்கத்தில் நிற்பவர் இரண்டு தட்டு விழுத்திவிடுவார்.

ஆகவே அதை என் அளவுக்கு மாற்றத் தொடங்கினேன். வேலையைச் செய்தவர் ஈஸ்ட் ஹாமில் இருக்கும் ஒரு சிங்கப்பூர்த் தமிழர். கப்பல் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர், என்னைவிட இரண்டு வயது இளையவர், பதிவு பெற்ற துவக்கு வியாபாரி, எங்கள் கழகத்தின் உறுப்பினர். வீட்டின் பின்வளவில் பட்டறை. பிடங்கை ஒரு சட்டைக் கையைக் கட்டையாக்குவதுபோல வெட்டித் தந்தார். உள்ளேயிருந்த இணைப்புத் துண்டுகளை மாற்றினார். லீவர் போகவேண்டிய தூரம் பாதிக்குக் கிட்டக் குறைந்தது. ஸ்பிரிங்கை இலகுவாக்கினார். குறிபார்க்கும் முனையில் ஒரு சின்னப் பித்தளைக் குமிழ் வைத்தார், என் கண்ணுக்குத் தெரியவேண்டும் என்று. குழலையும் அதன் அடிப்பகுதியையும் தொடக்கூடாது என்று நான் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். அதைத் தொட்டால் திரும்பவும் சோதனைக்கு அனுப்பவேண்டும்.

"அண்ணே, நான் லைசன்ஸ் உள்ளவன். எனக்கே சட்டம் சொல்லித் தர்றீங்களே."

"நம்பேல்லை எண்டில்லை. சொல்லி வைக்கிறது நல்லதெண்டு."

"அதைத்தான் நம்பலைன்னு சொல்லுவாங்க லா."

லீவரின் வளையத்துக்குத் தோல் சுற்றுவதை மட்டும் நானே செய்தேன். விரல் நோகாமல் இருக்கவேண்டுமானால் தோல் வேண்டும். குசினி மேசையில் வாரைத் தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டுத் திரும்பினால் மனைவி நிற்கிறாள்.

"என்ன தோல் அது?"

"தோல்."

"மாட்டுத் தோலோ எண்டு கேக்கிறன்."

"மான்."

"சைவச் சமையல் நடக்கிற மேசையில மான் ஊறுது."

"உம்மட கைப்பை என்னவாம்?"

"அது ரெக்சின். கடைக்காரன் சொன்னவன்."

கடைக்காரன் சொன்னால் அவளுக்குத் தோலும் ரெக்சின் ஆகிவிடும். அந்த வார் பாத்றூமில் ஊறியது.

இணைப்புத் துண்டுகள் மாற்றிய துவக்கு நவராத்திரி தொடங்கி நாலாம் நாள் வீட்டுக்கு வந்தது. வந்த அன்றே அதைக் கழற்றி, ஒவ்வொரு திருகாணியையும் துடைத்து, எண்ணெய் பூசி, உள்ளே வைத்துப் பூட்டினேன். ஐந்து வருடப் பத்திரம் முடியப் போகிறது. புதுப்பிப்பதற்காகப் பொலிஸ் அலுவலர் வீட்டுக்கு வரும் நாளும் குறித்தாகிவிட்டது. அதற்குள் எல்லாம் ஒழுங்காக இருக்கவேண்டும்.

விஜயதசமி கழிந்து இரண்டு மூன்று நாளில் அலுமாரியைத் திறந்தேன். துவக்கை வெளிச்சத்தில் திருப்பியபோது, பித்தளை உடம்பின் பக்கத்திலிருந்த பெரிய திருகாணியின் பள்ளத்துக்குள் சிவப்பாக ஏதோ தெரிந்தது. துரு என்று நினைத்தேன். பித்தளையில் துரு பிடிக்காது. ஊசி முனையால் தோண்டி எடுத்து மணந்து பார்த்தேன். சந்தனம். அதன்மேல் குங்குமம்.

சரஸ்வதி பூசையன்று எங்கள் வீட்டில் புத்தகம், பேத்தியின் வயலின், என் பேனை, குசினிக் கத்தி எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பது வழக்கம். எனக்குத் தெரியாமல் இதற்கும் யாரோ வைத்திருக்கிறார்கள். வைத்தவரிடம் திறப்பு இருந்திருக்கிறது. அது பொலிஸுக்குத் தெரிந்தால் பத்திரம் போகும், துவக்கு போகும், அந்த ஞாயிற்றுக்கிழமையும் போகும். இந்த வயதில் இன்னொரு தடவை தரமாட்டார்கள்.

முதலில் சிங்கப்பூர்க்காரரைச் சந்தேகப்பட்டேன். நான் துடைத்த பிறகு அவர் தொட்டிருக்க வழியில்லை என்று தெரியும். இருந்தாலும் விசாரணையில் யாரையும் விடக்கூடாது. போன் எடுத்தேன்.

"நீங்கள் பட்டறையில ஆயுத பூசை செய்யிறனீங்களோ?"

"செய்யாம? லேத்துக்கு மாலையே போடுவேன்."

"என்ர துவக்குக்குப் பொட்டு வைச்சனீங்களோ?"

"அண்ணே, நான் வச்சேன்னா ஒரு வெள்ளிக் காசு அளவுக்கு வச்சு, போட்டோ எடுத்து உங்களுக்கு அனுப்பிருப்பேன். திருட்டுத்தனமா வைக்கிற பழக்கம் எனக்கு இல்லை. வீட்டுல பாருங்க."

வீட்டில் பார்த்தேன். நானும் அவளும் மட்டும் வாழும் வீட்டில் சந்தேக நபர்களின் பட்டியல் நீளமானதல்ல. ஆனால் துவக்கு இருக்கும் அறைக்குள், தூசு உறிஞ்சும் வக்கும் கிளீனரைக்கூடக் கொண்டுபோகாமல் வாசலில் நிறுத்திவிடுகிறவள் அவள். அவள் தொட்டிருப்பாள் என்பதை நம்ப முடியவில்லை. தொடவில்லை என்பதையும் நம்ப முடியவில்லை. ஆகவே சோதனை வைத்தேன். அலுமாரிக் கதவு இடுக்கில், யாரும் காணாதபடி ஒரு சின்னக் கடதாசித் துண்டைச் செருகினேன். கதவு திறந்தால் விழும். மதுக்கடைகளின் பின்கதவுகளில் நான் பல தடவை செய்த வேலை.

அடுத்த நாள் நடந்துவிட்டு வந்தேன். அவள் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"இஞ்சருங்கோ, அந்தப் பெட்டிக் கதவில செருகியிருந்த கடதாசி காத்துக்கு விழுந்திட்டுது. எடுத்து மேசையில வைச்சிருக்கிறன். திரும்பச் செருகிறதெண்டால் செருகுங்கோ."

இதற்கு மேல் மறைமுகமாக விசாரிப்பதில் பயனில்லை.

"நீர் அந்த அலுமாரியைத் திறந்தனீரோ?"

"ஓம்."

இவ்வளவு சுலபமாக ஒரு ஒப்புதல் என் உத்தியோக வாழ்க்கையில் கிடைத்ததில்லை.

"திறப்பு எங்க இருக்கெண்டு உமக்கு எப்பிடித் தெரியும்?"

"நாங்கள் கலியாணம் முடிச்ச நாள் தொடக்கம் நீங்கள் இந்த வீட்டில ஒரு சாமானைத் தூசு தட்டினதை நான் கண்டிருக்கிறனோ? துவக்கு வந்த பிறகு அந்தப் புத்தக அலுமாரியின்ர மேல்தட்டை மட்டும் கிழமைக்கொருக்காத் துடைக்கிறியள். பிறகு என்னத்தைத் தேடிறது?"

"அது சட்டவிரோதம். தெரியுமோ?"

"தூசு தட்டுறதோ?"

"பகிடி விடாதேயும். ஏன் திறந்தனீர்?"

அவள் கோப்பையை எனக்கு முன்னால் வைத்தாள்.

"வீட்டில இருக்கிற கத்திக்கும் வைக்கிறம், கத்திரிக்கோலுக்கும் வைக்கிறம். அதை மட்டும் விட ஏலுமோ? விட்டால் அது என்ன நினைக்கும்?" என்றாள். "நான் அதிட்ட ஒண்டும் கேக்கேல்லை. இந்த வீட்டில ஆரையும் ஒண்டும் செய்யாமல் சும்மா இரு எண்டு மட்டும் சொன்னனான். பிறகு துடைச்சுப்போட்டு வைச்சிட்டன்."

நான் தேத்தண்ணியைக் குடித்தேன்.

அன்றைக்கே திறப்புக்கு ஒரு இலக்கப் பூட்டுப் பெட்டி வாங்கிச் சுவரில் பூட்டினேன். இலக்கத்தை அவளுடைய பிறந்தநாளாகவோ பேத்தியுடையதாகவோ வைக்கவில்லை. என்ன வைத்தாலும் அவள் கண்டுபிடிப்பாள் என்ற சந்தேகம் மட்டும் போகவில்லை. ஆனால் கேள்வி பூட்டைப் பற்றியதல்ல. அலுவலர் வருவார், கடந்த காலத்தில் வேறு யாராவது திறந்ததுண்டா என்று கேட்பார். நான் என்ன சொல்வது?

சிங்கப்பூர்க்காரருக்கு ஒரு குழப்பமும் இருக்கவில்லை.

"இல்லைன்னு சொல்லுங்க. முடிஞ்சுது. பூட்டை மாத்தியாச்சு, அண்ணி இனித் தொடமாட்டாங்க. யாருக்கு நட்டம்?"

"பொய் சொல்லிப் பத்திரம் எடுக்கிறது குற்றம்."

"அப்போ உண்மையைச் சொல்லிட்டு, தொப்பியை மட்டும் போட்டுக்கிட்டு வாங்க. ஸ்கோர் எழுத ஆள் இல்லாமதான் இருக்கோம்."

மூன்று இரவு சரியான நித்திரை இல்லை. நான் பரிசோதிக்கப் போன கடைகள் நினைவுக்கு வந்தன. முதலாளி முன்னால் நின்று எல்லாம் ஒழுங்கு என்று சொல்வார். அவருடைய மனைவி குசினி வாசலில் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். நான் எப்போதும் அவளைத்தான் பார்ப்பேன். அந்தப் பார்வையிலிருந்து ஒளித்து வைத்த எத்தனை குளிர்பெட்டிகளைக் கண்டுபிடித்திருக்கிறேன். இப்போது என் குசினி வாசலில் அப்படி ஒருத்தி நிற்கப் போகிறாள் என்பதை நினைக்கப் பிடிக்கவில்லை.

அலுவலர் ஐம்பது வயது மதிக்கத்தக்க வெள்ளைக்காரர். சாந்தமான முகம். சாந்தமான முகமுள்ள அதிகாரிகளை நான் நம்புவதில்லை, நானே அப்படி ஒரு முகத்தை வைத்திருந்தவன். வாசலில் சப்பாத்தைக் கழற்றினார். அலுமாரியை ஆட்டிப் பார்த்தார். துவக்கின் இலக்கத்தைச் சரிபார்த்தார். வெட்டிய பிடங்கைத் தடவிவிட்டு, "நல்ல வேலை" என்றார். பிறகு முன்னறையில் உட்கார்ந்து, தேநீரையும் வடையையும் எடுத்துக்கொண்டு, மடியில் கொம்பியூட்டரைத் திறந்தார்.

"திறப்பு உங்களிடம் மட்டும்தான் இருக்கிறதா? வேறு யாரும் அலுமாரியைத் திறந்ததுண்டா?"

அவள் குசினி வாசலில் நின்றாள். ஆனால் நிலத்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"ஒரு தடவை என் மனைவி திறந்திருக்கிறா," என்றேன். "எனக்குத் தெரியாமல். திறப்பு இருந்த இடத்தைக் கண்டுபிடித்துவிட்டா. அதற்குப் பிறகு பூட்டுப் பெட்டி போட்டிருக்கிறேன்."

அவர் தட்டச்சை நிறுத்தி அவளைப் பார்த்தார்.

"எதற்காகத் திறந்தீர்கள் என்று கேட்கலாமா?"

அவளுடைய ஆங்கிலம் கடைக்கும் டாக்டருக்கும் போதுமான ஆங்கிலம். ஆனால் தடுமாறவில்லை. "வருடத்தில் ஒரு நாள் நாங்கள் வீட்டிலுள்ள ஆயுதங்களைக் கும்பிடுவோம். இதுவும் வீட்டில் இருந்தது. முந்தி எங்கள் வீட்டுக்கு வந்த துவக்குகளிடம் நான் ஒன்றும் கேட்க முடியவில்லை. இதனிடம் கேட்டேன்."

அவர் அதை எழுதினாரா என்று எனக்குத் தெரியாது. விரல்கள் அசைந்தன. நாங்கள் நேர்மையாகச் சொன்னதற்கு அவர் நன்றி சொன்னார். நன்றி என்று தொடங்கும் வசனங்கள் எப்படி முடியும் என்று எனக்குத் தெரியும், நானும் அப்படித்தான் தொடங்குவேன். விடயம் மேலிடத்துக்குப் போகும், முடிவு வரும்வரை துவக்கு இந்த வீட்டில் இருக்க முடியாது, பதிவு பெற்ற வியாபாரி ஒருவரிடம் இன்றே ஒப்படைக்கலாம் என்றார். வடையை முடித்துவிட்டு, அதில் என்ன போடுகிறீர்கள் என்று அவளிடம் கேட்டார்.

சிங்கப்பூர்க்காரர் வான் ஓட்டி வந்து சேரும்வரை அலுவலர் தன் காரில் இருந்து வேறு போன்கள் பேசினார். நாங்கள் இரண்டு பேரும் முன்னறையில் இருந்தோம். துவக்கு உறைக்குள் எங்களுக்கு நடுவில் இருந்தது.

"நான் திறக்கேல்லை எண்டு நீங்கள் சொல்லியிருந்தால், நான் என்ன செய்திருப்பன் தெரியுமோ?" என்று கேட்டாள்.

"என்ன?"

"நானும் ஓம், திறக்கேல்லை எண்டிருப்பன்."

"பிறகென்ன. பத்திரம் கிடைச்சிருக்கும்."

"கிடைச்சிருக்கும். பிறகு நீங்கள் கோயிலுக்குப் போறன் எண்டாலும் நான் பின்னால வந்து பாத்திருப்பன்."

சிங்கப்பூர்க்காரர் வந்தார், கையெழுத்து வைத்தார், உறையைத் தூக்கினார். என்னை விட்டு அவளிடம் திரும்பினார். "அண்ணி, உங்களால எனக்கு வாடகை இல்லாத விருந்தாளி" என்றார். அவள் அவருக்கும் வடை கட்டிக் கொடுத்தாள்.

இது நடந்து மாதங்கள் ஆகின்றன. முடிவு இன்னும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கழகத்துத் துவக்கால் சுடுகிறேன். பிடங்கு நீளம், லீவர் நீளம், தோல் இல்லை. கடைசிக்கு முந்திய இடத்தைப் பிடிக்கவே பாடுபட வேண்டியிருக்கிறது. அவள் ஒவ்வொரு முறையும் கேட்கிறாள், "துவக்கு எப்ப வருமாம்?" என்று. குரலில் கவலை இருக்கிறது. அளவுக்கு அதிகமாகவே இருக்கிறது.

அந்த அளவுதான் என்னைத் திரும்ப யோசிக்க வைத்தது. எங்கள் வீட்டுக் குத்துவிளக்கை அவள் மினுக்கினால், அதன் வேலைப்பாட்டுக்குள் ஒரு பொட்டு எண்ணெய்ப் பிசுக்கு இருக்காது. பல்லுத் தூரிகையும் புளியும் எடுத்துக்கொண்டு இருப்பாள். பித்தளையை எப்படித் துடைப்பதென்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. அப்படிப்பட்டவள் ஒரு திருகாணியின் பள்ளத்துக்குள் குங்குமத்தை விட்டுவிட்டாளாம். அதுவும் நான் முதலில் பார்க்கும் திருகாணி. அதைக் கண்டால் நான் விசாரிப்பேன், விசாரித்தால் பொலிஸிடம் சொல்லாமல் இருக்கமாட்டேன் என்று, கலியாணம் முடித்த நாள் தொடக்கம் என்னைப் பார்த்துக்கொண்டிருப்பவளுக்குத் தெரியாதா?

போன சனிக்கிழமை காலையில் கேட்டேவிட்டேன்.

"அண்டைக்குத் துடைக்கேக்க, அந்தத் திருகாணிக்குள்ள மிச்சம் இருந்ததை நீர் காணேல்லையோ?"

"காணேல்லை," என்றாள். "எனக்கு இப்ப கண் வடிவாத் தெரியிறேல்லை."

சொல்லிவிட்டுச் சுளகைத் திருப்பி, உழுந்துக்குள் கிடந்த கல்லைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய மூக்குக்கண்ணாடி குசினி யன்னல் விளிம்பில், மடித்தபடி இருந்தது.